ஊர்ப் பெயருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

“அது பெரிய தொழில் நகரம் சார், அங்கே இல்லாதது எதுவுமே கிடையாது.” இதைச் சொல்லிக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதற்குள் அட்வான்ஸ் கொடுத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டு, சிலர் திறப்பு விழாவுக்கு நாள்கூடக் குறித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அப்புறம் நான் என்ன சொல்வது?

தொழிற்கூடம், கிடங்கு, ஆலை என்று யாராவது இடம் பார்க்கும்போது அந்த இடம் அவர்கள் தொழிலைத் தாங்குமா என்று ஆய்வு செய்து எழுதிக் கொடுப்பது என் வேலை. கையெழுத்துக்கு முன்னால் கூப்பிட்டால், இது வேண்டாம், வேறு பாருங்கள் என்று சொல்லிவிட்டு நான் நிம்மதியாகப் போய்விடலாம். பின்னால் கூப்பிட்டால் என் அறிக்கை நேராக வக்கீல் கைக்குப் போகும். அதற்கு மேல் அதனால் பெரிய பயன் இல்லை.

இப்போது என்னை எழுத உட்காரவைத்தவர் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகைகள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்துக்காரர். கவனமான மனிதர்தான். கட்டடம் புதுசு, ஏசி அறை, தூசி வடிகட்டி எல்லாம் சரியாகப் போட்டிருந்தார். சில மாதங்களில் பலகைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. பாகம் தருகிறவரை மாற்றினார், சால்டரை மாற்றினார், பற்றவைக்கும் பையன்களைத் திட்டித் தீர்த்தார். நான் போனபோது என் கண்ணில் முதலில் பட்டது எர்த்திங்குக்குப் போட்டிருந்த செப்புப் பட்டை. புதுக் கட்டடத்தில் அது கன்னங்கரேலென்று இருந்தது. ரிலே என்கிற மின் சுவிட்சுகளின் வெள்ளி முனைகளும் அப்படியே. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் தொழிற்பேட்டையின் கழிவுநீர் வாய்க்கால் ஓடுகிறது. ஏசிக்கு வெளிக்காற்றை இழுக்கும் துவாரம் சரியாக அந்த மதிலைப் பார்த்து இருக்கிறது.

தேங்கிய கழிவுநீரிலிருந்து வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை வாடை. மனிதனைச் சாய்க்க அது நிறைய வேண்டும், செப்பையும் வெள்ளியையும் அரிக்க மூக்குக்கு லேசாகத் தெரிகிற அளவே போதும். தூசி வடிகட்டி வாயுவை நிறுத்தாது. (இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்! “ஃபில்டர் இருக்கே சார்” என்பார்கள். அது தூசிக்கு.) பத்துப் பைசா செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. பளபளவென்று தேய்த்த ஒரு செப்புத் தகட்டை அந்த இடத்தில் ஒரு மாதம் தொங்கவிடுங்கள். முறையாக ஆய்வுக்கூடத்தில் அளந்தால், மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராமுக்கு (ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) குறைவாக அரிப்புப் படலம் படிந்தால்தான் மின்னணுக் கருவிகளுக்கு ஏற்ற காற்று என்கிறது ஐஎஸ்ஏ 71.04 தரநிலை. அளக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு மாதத்தில் தகடு கறுத்தால் உங்களுக்கே புரிந்துவிடும். இவர் அதைச் செய்யவில்லை. ஏன் என்று கேட்டேன். “எல்லாரும் அங்கேதானே சார் இருக்கிறார்கள்” என்றார்.

இந்த ஒரு நினைப்பைத்தான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. எல்லாரும் அங்கே இருக்கிறார்கள், ஆகவே நமக்கும் ஆகும். ஊரில் இருப்பது வேறு, உங்கள் மனையில் இருப்பது வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், சலித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் ஒரே ஊரில் கூடுவதில் என்ன லாபம் என்பதைப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே எழுதிவிட்டார். தேர்ந்த ஆட்கள் கிடைப்பார்கள், துணைத்தொழில்கள் பக்கத்திலேயே இருக்கும், தொழில் நுணுக்கம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தானாகப் பரவும். மூன்றும் உண்மை, இன்றைக்கும் உண்மை. ஆனால் மூன்றும் ஊருக்குச் சொந்தமானவை. நீங்கள் அந்த ஊரில் எந்தத் தெருவில் உட்கார்ந்தாலும், ஏன், பத்து கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் உங்களுக்குக் கிடைத்துவிடும். மின்சாரம், தண்ணீர், வடிகால், மண், காற்று, சாலை, பக்கத்து வீட்டுக்காரர் ஆகிய ஏழும் மனைக்குச் சொந்தமானவை. இரண்டு தெரு தள்ளினால் மாறிவிடும். வாடகை ஒப்பந்தம் எழுதுவது மனைக்குத்தானே, ஊருக்கு இல்லையே! விளம்பரத்தில் வருவதெல்லாம் ஊரின் பெருமை, மாதாமாதம் பில்லாக வருவது மனையின் குறைகள். ஊரில் பெரிய துணைமின் நிலையம் இருக்கிறது என்கிறார்கள். சரி, இருக்கட்டும். உங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது? ஊருக்குப் பெரிய குடிநீர்த் திட்டம் வந்திருக்கிறது. உங்கள் தெருவுக்குக் குழாய் வந்ததா, வந்த குழாயில் தொழிலுக்கு எடுக்க அனுமதி உண்டா? நாலு வழிச் சாலை வந்துவிட்டதாம். அதிலிருந்து உங்கள் கேட்டுக்குத் திரும்பும் முடுக்கில் நாற்பது அடி டிரெய்லர் வளையுமா? கேட்டால் தரகர் சிரிக்கிறார். கேட்கத்தான் வேண்டும்.

இதே நினைப்புக்கு இன்னொரு முகமும் உண்டு: தொழில் நகரம்தானே, எந்தத் தொழிலும் செய்யலாம். செய்ய முடியாது. நிலத்துக்கு என்ன பயன்பாடு குறித்திருக்கிறார்கள் என்பது ஒன்று, கட்டடத்துக்கு எதற்காக ஒப்புதல் வாங்கினார்கள் என்பது இன்னொன்று, உங்கள் செய்முறை எந்த மாசு வகையில் வருகிறது என்பது மூன்றாவது. மூன்றும் பொருந்தினால்தான் இயந்திரம் சுற்றலாம். “போன வாடகைதாரரும் இதே தொழில்தான் சார் பண்ணினார்” என்பது அனுமதிப் பத்திரம் ஆகாது. அவருடைய அனுமதி அவர் பெயருக்கும் அவர் செய்முறைக்கும் கொடுத்தது, அவரோடு போய்விட்டது. அவரிடம் அனுமதி இருந்ததா என்பதே பல நேரம் சந்தேகம்.

மின்சாரத்தில் பொதுவாக என்ன கேட்கிறார்கள்? மின்வெட்டு உண்டா என்று. சரி, நல்ல கேள்வி, ஆனால் தொழில் நகரத்தில் நான் அதிகம் பயப்படுவது மின்வெட்டுக்கு இல்லை. ஒரே லைனில் பக்கத்தில் உலோகம் உருக்கும் மின்வில் உலையோ கம்பி, தகடு உருட்டும் ஆலையோ இருந்து, அங்கே பெரிய மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாழ்ந்து மீளும். விளக்கு அணையாது, அதனால் யாருக்கும் தெரியாது. ஆனால் மோட்டாருக்கு மின்சாரம் விடும் காண்டாக்டர் சுவிட்ச் விட்டுவிடும், கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம் பாதி வெட்டில் நின்றுவிடும், அந்தப் பாகம் குப்பைக்குப் போகும். ஜெனரேட்டர் இருக்கிறதே என்கிறீர்களா? ஜெனரேட்டர் கிளம்பி வேகம் பிடிக்க சில நொடி ஆகும், இங்கே எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மின்தரப் பதிவுக் கருவியை வாடகைக்கு வாங்கி, அந்த லைனில் குறைந்தது ஒரு வாரம் மாட்டி வையுங்கள். இடத்தின் உரிமையாளர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பதில்.

தண்ணீரைப் பற்றி ஒரு வரிதான். பாய்லர் வைப்பவர்கள் ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல் கையெழுத்துப் போட்டால் என்னிடம் வராதீர்கள். மாடியில் கிடங்கு போடுகிறவர்களுக்கும் ஒரு வரி: அலுவலகத்துக்கு என்று கட்டிய தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 250 முதல் 400 கிலோ தாங்கக் கணக்கிட்டது, உங்கள் ரேக்கின் ஒற்றைக் கால் அதைவிட அதிகமாக அழுத்தும்.

மண்ணுக்கு வருவோம். பழைய தொழில் நகரம் என்றால் உங்களுக்கு முன்னால் அந்தத் தரையில் பலர் தொழில் செய்திருப்பார்கள், அவர்கள் கொட்டியது கீழே இருக்கும். உலோகங்களில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவப் பல காலம் பயன்பட்ட ட்ரைக்ளோரோஎத்திலீன் தண்ணீரைவிடக் கனம். தரை விரிசல் வழியாக இறங்கி, நிலத்தடி நீரையும் தாண்டிக் கீழே போய்த் தங்கி, பல பத்தாண்டு கழித்தும் ஆவியாக மேலே வந்து, மேலே புதிதாகக் கட்டிய கட்டடத்தின் தரை வழியாக உள்ளே நுழையும். முலாம் பூசும் பட்டறை இருந்த இடம் என்றால் குரோமியத்தைத் தேடுங்கள். கொட்டியது நான் இல்லையே என்று சொல்லித் தப்பலாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் மாசுபட்ட நிலங்களைச் சுத்தம் செய்ய 1980இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டப்படி இன்றைய உரிமையாளரும் சுத்தம் செய்யும் செலவுக்குப் பொறுப்பாகலாம். வாங்குவதற்கு முன் முறையாக விசாரித்தேன், எனக்குத் தெரிய வாய்ப்பில்லை என்று காட்டுவது தப்பிக்க ஒரு வழி. உங்கள் ஊர்ச் சட்டம் எப்படி என்று வக்கீலிடம் கேளுங்கள், மண்ணை என்னைப் போன்றவரிடம் கொடுங்கள்.

எல்லாரும் ஒரே இடத்தில் இருப்பதே பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள் 2011இல் தாய்லாந்தில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். பாங்காக்குக்கு வடக்கே அயுத்தயா, பதும்தானி மாகாணங்களில் 7 பெரிய தொழிற்பேட்டைகள் வெள்ளத்தில் மூழ்கின. சின்னக் கம்பெனிகள் இல்லை, உலகப் பெயர் பெற்ற கார், மின்னணு நிறுவனங்கள். ஹோண்டா தன் ஆலையில் நீரில் நின்ற 1,055 கார்களை விற்காமல் நொறுக்கியது. ஹார்ட் டிஸ்க் செய்கிறவரும், அதற்குப் பாகம் செய்கிறவரும் ஒரே சமவெளியில் இருந்ததால் ஒரே வெள்ளம் இருவரையும் நிறுத்தியது, உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது. அந்தப் பேட்டைகளுக்கு வெள்ளத் தடுப்புக் கரை இல்லாமல் இல்லை. இருந்தது, போதவில்லை. ஆகவே “வெள்ளத்துக்குக் கரை கட்டியிருக்கிறார்கள்” என்று சொன்னால், எந்த ஆண்டு வெள்ளத்தை வைத்து எவ்வளவு உயரம் கட்டினார்கள் என்று கேளுங்கள். உங்கள் மின்பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் அப்படியே பாருங்கள், பாதிப் பேர் அதை முழங்கால் உயரத்தில் மாட்டுகிறார்கள்!

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை மட்டும் தயவுசெய்து அலட்சியமாக விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பிரான்சில் துலூஸ் நகரத்தின் உர ஆலையில் 2001 செப்டம்பர் 21 அன்று அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 31 பேர் இறந்தார்கள், ஆலைக்குச் சம்பந்தமே இல்லாத கட்டடங்களும் வீடுகளும் ஆயிரக்கணக்கில் சேதமாகின. சீனாவின் தியான்ஜினில் 2015இல் துறைமுகக் கிடங்கில் அபாயகரமான ரசாயனங்கள் வெடித்தபோது, பக்கத்து மைதானத்தில் இறக்குமதியாகி நிறுத்தியிருந்த புத்தம் புதுக் கார்கள் ஆயிரக்கணக்கில் எரிந்தன. கார் வைத்திருந்தவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை, அந்த இடத்தில் இருந்தார்கள், அவ்வளவே. பக்கத்து மனையில் என்ன அடுக்கியிருக்கிறார்கள் என்பதை உங்கள் தீக்காப்பீட்டு நிறுவனமும் கேட்கும். அவர்கள் கேட்கும்போது நீங்கள் முழிக்கக் கூடாது.

எல்லா ஆபத்தும் வெடிக்காது. வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிற ஒருவருக்குப் பெயின்ட் முழுவதும் குட்டிக் குட்டிக் குழியாக விழுந்தது, காரணம் அடுத்த ஷெட்டில் வார்ப்பு அச்சில் ஒட்டாமல் இருக்க அடிக்கிற சிலிகான் ஸ்ப்ரே காற்றில் வந்தது. இரண்டு பேரும் சட்டப்படிதான் தொழில் செய்தார்கள்.

ஒரே தொழிலை நம்பிய ஊராக இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். கார் தொழிலின் தலைநகராக இருந்த டெட்ராய்ட்டில் 1950இல் 18 லட்சத்துக்கு மேல் மக்கள், 2010இல் சுமார் 7 லட்சம். 2013இல் நகராட்சியே திவால் மனு கொடுத்தது. உங்கள் வாடகை ஒப்பந்தம் அறுபது ஆண்டுக்கு இல்லைதான், ஆனால் நிலத்தை விலைக்கு வாங்குகிறவர் இதை நினைக்காமல் இருக்கக் கூடாது. ஆட்கள் விஷயமும் அப்படித்தான். தேர்ந்த ஆள் நிறையக் கிடைக்கும் ஊரில் உங்கள் தேர்ந்த ஆளுக்கு வேறு வேலையும் நிறையக் கிடைக்கும். சம்பளக் கணக்கில் அதைச் சேர்த்திருக்கிறீர்களா?

இடம் பார்க்கப் போவதிலும் ஒரு பழக்கம் உண்டு, தரகர் காரில் காலை பதினொரு மணிக்குப் போய் அரை மணியில் திரும்புவது. அந்த நேரத்தில் எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போங்கள், கேட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கு வர எவ்வளவு நேரம் என்று தெரியும். பலத்த மழை பெய்த மறுநாள் போங்கள். கட்டாயம் ஒரு முறை இரவில் போங்கள், தரை குளிர்ந்து காற்று அசையாமல் கிடக்கும்போதுதான் வாடையும் புகையும் கீழேயே தங்கும். கழிவைத் திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவர்களுக்கும் அதுதான் வசதியான நேரம். அப்புறம் தரகரை விட்டுவிட்டு, அடுத்த ஷெட்டின் மெக்கானிக்கிடம் பேசுங்கள். எந்த மாதத்தில் மோட்டார் அதிகம் எரியும் என்று அவர் சொல்லுவார்.

கடைசியாக ஒப்பந்தம். அட்வான்ஸ் கொடுக்க அவசரப்படுத்தினால், அனுமதிகளும் மின்இணைப்பும் குறித்த தேதிக்குள் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். பழைய மின்கட்டண பாக்கி யாருடையது என்பதையும் எழுதுங்கள். சாவி வாங்கும் அன்று தரையில் இருக்கும் ஒவ்வொரு எண்ணெய்க் கறையையும் விரிசலையும் வடிகாலையும் படம் எடுத்து, முடிந்தால் இரண்டு மூன்று இடத்தில் மண் மாதிரியும் எடுத்து, எல்லாவற்றிலும் உரிமையாளரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தையுங்கள். இல்லாவிட்டால் காலி செய்யும்போது அந்தக் கறையைக் காட்டி உங்கள் அட்வான்ஸில்தான் கழிப்பார்கள்.