விமானி ஏறாத விமானமும் வானின் குளிர்ந்த வாசலும்

மாலையில் காலிமுகத்திடலில் நின்று பார்த்தால், கடலின் மேல் எழும் இடிமுகில்களின் தலைப்பகுதி தட்டையாக விரிவது தெரியும். அதற்கும் மேலே, கொழும்பைப் போன்ற அயன மண்டல இடங்களில் ஏறத்தாழ 17 கிலோமீற்றர் உயரத்தில், வளிமண்டலத்தின் கீழடுக்கான மாறன்மண்டலம் முடிந்து அதன் அடுத்த அடுக்கான படைமண்டலம் தொடங்குகிறது. அங்கே வெப்பநிலை சுமார் மறை 80 பாகை செல்சியஸ். மெதுவாக மேலெழும் காற்று அந்தக் குளிரில் தன் ஈரத்தைப் பனித்துகள்களாக உதிர்த்துவிட்டே மேலே செல்வதால், பத்து இலட்சம் மூலக்கூறுகளில் ஒரு சில நீர் மூலக்கூறுகளே படைமண்டலத்தை அடைகின்றன. அந்தச் சொற்ப அளவு சிறிது மாறினாலும் பூமியின் வெப்பச் சமநிலை மாறும் என்பதால், அதைத் துல்லியமாக அளப்பது மிக அவசியமான பணி என்றே கருதுகிறேன்.

பயணிகள் விமானங்கள் 12 கிலோமீற்றருக்கு மேல் பெரும்பாலும் செல்வதில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் பறக்கவிடும் பலூன் இரு மண்டலங்களுக்கும் இடையிலான எல்லையைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். அதன் ஈரமானி அத்தகைய குளிரில் நம்பகமாக இயங்குவதும் கடினம். விமானி ஒருவரை அழுத்த உடையுடன் ஒரு நாள் முழுவதும் அங்கே இருத்திவைக்கவும் முடியாது.

இங்குதான் குளோபல் ஹோக் என்ற ஆளில்லா விமானம் பயன்பட்டது. இராணுவ உளவுக்காக உருவான அதை நாசா ஆய்வுக்கென மாற்றியமைத்தது. கடல்மட்டக் காற்றின் அடர்த்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உள்ள உயரத்தில் மிதக்க, அதன் ஒடுங்கிய சிறகுகள் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை சுமார் 35 மீற்றர் நீள்கின்றன. தரையிலுள்ள விமானிகள் செய்மதி வழியாக அதைச் செலுத்த, விஞ்ஞானிகள் அளவீடுகளை அவ்வப்போதே பார்த்துப் பாதையை மாற்றச் சொல்லலாம்.

2014இல், எல்லை மிகவும் குளிரும் மேற்குப் பசுபிக்கின் குவாம் தீவிலிருந்து புறப்பட்ட அந்த விமானம், ஏறத்தாழ 14 முதல் 18 கிலோமீற்றர் வரை மீண்டும் மீண்டும் ஏறி இறங்கியது. நீராவி உறிஞ்சும் அலைநீளமுடைய லேசர் ஒளியை உள்ளிழுத்த காற்றினூடாகச் செலுத்தினால், ஒளி எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து நீராவியின் அளவைக் கணிக்கலாம். கூடவே பனித்துகள்களும் எண்ணப்படும்.

நாசாவின் இந்த ஆய்வுத் திட்டத்தின் முந்தைய பறப்புகளே ஒரு முக்கியமான செய்தியைத் தந்திருந்தன. மெல்லிய முகில்கள் பலவற்றில் பனித்துகள்கள் மிகக் குறைவு. ஆவி படிவதற்குப் போதிய துகள்கள் இல்லாதபோது, உறைய வேண்டிய ஈரம் உறையாமலே காற்றில் தங்கிவிடுகிறது. ஆகவே வெப்பநிலையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், மேலே செல்லும் ஈரத்தை நாம் குறைவாகவே மதிப்பிட நேரும்.