குமிழி வருவதை மட்டும் நம்ப வேண்டாம்

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ரவுண்ட்ஸ் போகும்போது அடிக்கடி கேட்கிற வாக்கியம் இது: "சிபாப்ல இருக்கு சார், பிரஷர் 6, பபுளிங் நல்லா வருது." சிபாப் என்பது குழந்தையின் மூக்கு வழியாக இடைவிடாமல் அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் முறை; வெளிமூச்சுக் குழாயின் நுனி தண்ணீர் பாட்டிலில் எவ்வளவு ஆழம் முங்கியிருக்கிறதோ அதுதான் வைத்த அழுத்தம், காற்று வெளியேறும்போது குமிழி வரும். அந்த 6 எங்கே அளந்தது என்று கேட்டால் அந்தத் தண்ணீர் பாட்டிலைக் காட்டுவார்கள். குழாய் தண்ணீருக்குள் 6 சென்டிமீட்டர் முங்கியிருக்கிறது, சரி. ஆனால் குழந்தையின் மூக்கில் எவ்வளவு இருக்கிறது?

குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் காற்றறைகள் ஒட்டாமல் காக்கும் சர்பாக்டன்ட் என்ற பொருள் போதாது, அதனால் மூச்சை வெளியே விடும்போது காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அவை மூடாமல் தாங்கிப் பிடிக்க இடைவிடாத ஓர் அழுத்தம் வேண்டும். 1971-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரியும் அவருடன் இருந்தவர்களும் இந்த முறையை வெளியிட்ட காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. பெரும்பாலும் 5 முதல் 8 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வைக்கிறோம். இவ்வளவு குறுகலான இடைவெளியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் அது சின்ன விஷயமில்லை.

அழுத்தம் குறைவதற்கு முதல் காரணம் கசிவு. மூக்கில் செருகும் சின்னக் குழாய்களான ப்ராங்ஸ் மூக்குத் துவாரத்தை விடச் சின்னதாக இருந்தால் பக்கவாட்டில் காற்று போய்விடும், வாய் திறந்திருந்தால் தொண்டையில் அழுத்தம் இன்னும் இறங்கிவிடும். அப்போதும் பாட்டிலில் குமிழி வரலாம், ஏனென்றால் ப்ராங்ஸ் குறுகலாக இருந்து ப்ளோ, அதாவது காற்றோட்டத்தின் வேகம், அதிகமாக வைத்திருந்தால் அந்தத் தடையே சர்க்யூட்டுக்குள் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும், ப்ராங்ஸ் மூக்கை விட்டு நழுவிய பிறகும் சில நேரம் பாட்டில் கொப்பளித்துக்கொண்டே இருக்கும். குழந்தை விலா இழுத்து முனகிக்கொண்டிருக்க, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக ஓடுவது போலத் தெரியும்.

எனக்கு இதைவிடப் பயம் மறுபக்கம்தான். ப்ளோவைத் தேவைக்கு மேல் கூட்டினால் உண்மையான அழுத்தம் முங்கிய ஆழத்தைத் தாண்டும். காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிபையரிலிருந்து வரும் ஈரம் வெளிமூச்சுக் குழாயின் தொய்வில் தண்ணீராகத் தேங்கினால் காற்று அதையும் தள்ளித்தான் வெளியேற வேண்டும், அந்தப் பாரம் முழுவதும் குழந்தையின் மேல்தான் ஏறுகிறது. அந்தத் தண்ணீர் வடிந்து பாட்டிலுக்குள் சேர்ந்தால் நீர்மட்டம் உயரும், 6 என்று வைத்தது யாரும் தொடாமலே 7 ஆகிவிடும். குழாய் மடங்கினால் கேட்கவே வேண்டாம். அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு இல்லாமல் கையில் கிடைத்ததை வைத்துச் சேர்த்த செட்டில் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் அலகு. சில மீட்டர்கள் மில்லிமீட்டர் பாதரசத்தில் காட்டும். அதில் 8 என்றால் கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர் நீர். டயலில் என்ன அலகு எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

அழுத்தம் கூடினால் நுரையீரல் உப்பும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், கார்பன் டை ஆக்சைடு ஏறும், நுரையீரல் ஓட்டையாகி நெஞ்சில் காற்று கோத்துக்கொள்ளும். 2008-ல் வெளியான காயின் (COIN) என்ற ஆய்வில் 25 முதல் 28 வாரக் குழந்தைகளுக்கு 8 சென்டிமீட்டரில் சிபாப் தொடங்கினார்கள். நெஞ்சில் இப்படிக் காற்று கோக்கும் நியூமோதோராக்ஸ் அந்தக் குழுவில் 9 சதவீதம், பிறந்தவுடன் மூச்சுக்குழாயில் ட்யூப் போட்ட குழுவில் 3 சதவீதம். அழுத்தம் மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 8 என்ற எண்ணை அதற்குப் பிறகு நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

மூக்கில் மெல்லிய குழாய் வழியாக வேகமாகக் காற்று செலுத்தும் ஹை ப்ளோ கேனுலா போடுகிற இடங்களில் நிலைமை இன்னும் இருட்டு. அங்கே நாம் வைப்பது ப்ளோவை மட்டும்தான், அழுத்தம் கசிவைப் பொறுத்து மாறும், காட்டுவதற்குப் பொதுவாக மீட்டரும் இருக்காது. அதனால்தான் கேனுலா மூக்குத் துவாரத்தில் பாதிக்கு மேல் அடைக்கக்கூடாது என்கிறோம்.

செய்ய வேண்டியது கஷ்டமான வேலை இல்லை. மூக்குக்கு அருகில் இருக்கும் கனெக்டரில் பிரஷர் லைன் மாட்டி, அழுத்தம் காட்டும் மனோமீட்டரில் பாருங்கள். வாய்க் கசிவை அது முழுமையாகப் பிடிக்காது, ஆனாலும் பாட்டிலைப் பார்த்துச் சொல்வதைவிட எவ்வளவோ மேல். கேஸ் ஷீட்டில் வைத்த அழுத்தம், அளந்த அழுத்தம் என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ப்ளோவைத் திருகுவதற்கு முன் ப்ராங்ஸ் அளவு, வாய், குழாயில் தேங்கிய தண்ணீர், பாட்டில் மட்டம் என்று வரிசையாகப் பாருங்கள். ஷிப்ட் மாறும்போது பொறுப்பு கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து பார்ப்பது இன்னும் நல்லது.

அளவி சரியாக இருந்தாலும் குழந்தையைப் பார்ப்பதை நிறுத்த முடியாது. விலா இழுப்பு, முனகல், ஆக்சிஜன் தேவை, வயிறு உப்பல், மூக்கின் நடுத்தண்டு சிவந்திருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ப்ராங்ஸ் நடுத்தண்டில் அழுந்தினால் புண்ணாகிவிடும். கசிவை நிறுத்துகிறேன் என்று அதை இறுக்கிக் கட்டுவது இரட்டைத் தவறு.

கங்காரு முறையில் நெஞ்சில் வைத்திருக்கும் அம்மாக்கள் "சிஸ்டர், வாயைத் திறந்துகிட்டே இருக்கு", "குழாய்ல தண்ணி நிக்குது" என்று கூப்பிட்டால் எரிச்சல்படாமல் உடனே போய்ப் பாருங்கள். பல நேரம் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். புதிய கருவி வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் விலைப்பட்டியல் பார்க்கும்போதே மூக்கருகில் அளக்கும் வசதி, ரிலீஃப் வால்வு, காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து கொடுக்கும் ஆக்சிஜன் பிளெண்டர் மூன்றும் இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.