கிளையன்ட் இல்லாத இருபது நொடி

‘ஒரே ஒரு சின்னத் திருத்தம்’ என்று யாரும் குறுக்கிடாமல், நமக்காகவே இருபது நொடி அனிமேஷன் செய்வதில் தனிச் சுகம் உண்டு. ஆனால் கிளையன்ட் போகும்போது, வெளியே விடும் முன் ஒருவர் சரிபார்ப்பதும் கூடவே போய்விடுகிறது.

என் முதல் சொந்தப் படத்துக்குப் பிடித்த பாட்டு ஒன்றை டைம்லைனில் போட்டுக்கொண்டேன். இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பு. நிமிடத்துக்கு 120 பீட். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 அசையாப் படங்கள் என்பதால் சரியாக 12 ஃபிரேமுக்கு ஒரு பீட். கட், வட்டம் விரிவது, எழுத்து குதிப்பது எல்லாமே அந்தக் கணக்கில் உட்கார்ந்தன. படத்தை ஏற்றிய அன்றே காப்புரிமைப் புகாரில் ஒலி முடங்கியது. சரி என்று பணம் கட்டி உரிமம் வாங்கிய வேறு இசையைப் போட்டால், அது நிமிடத்துக்கு 100 பீட். அதாவது பீட்டுக்கு 14.4 ஃபிரேம். ஐந்து பீட்டுக்கு ஒருமுறைதான் முழு ஃபிரேமில் விழும்! மூன்று வார இரவுகளில் வைத்த கீஃபிரேம்களை, அதாவது அசைவு தொடங்கும், முடியும் இடங்களைக் குறிக்கும் புள்ளிகளை, ஒவ்வொன்றாக நகர்த்தினேன். இப்போது இசை முடிவாகாமல் ஒரு கீஃபிரேம்கூட வைப்பதில்லை. ‘ராயல்டி ஃப்ரீ’ என்றால் இலவசம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டாம், அவ்வளவுதான். எழுத்துருவின் உரிமத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

இதெல்லாம் நமக்கு வரும் நஷ்டம். பார்ப்பவருக்கே ஆபத்தாவது ஸ்ட்ரோப், அதாவது திரை படபடவென மின்னுவது. திரை பழுதானது போன்ற ‘கிளிட்ச்’ தோற்றம் வேண்டும் என்று ஒரு ஃபிரேம் வெள்ளை, ஒரு ஃபிரேம் கறுப்பு என வைத்தால் திரை நொடிக்கு 12 முறை மின்னும். இணையத்துக்கான அணுகல்தன்மை வழிகாட்டி அனுமதிப்பது 3 முறை. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி அனிமேஷனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில் 600-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். தனக்கு ஒளியால் வலிப்பு வரும் என்பது முதல்முறை வரும்வரை பலருக்குத் தெரியாது. அதனால் ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 8 ஃபிரேம் விடுகிறேன், வெள்ளையைச் சாம்பலாக இறக்கிவிடுகிறேன். வேகம் கொஞ்சம் குறையும்தான். அந்த இடத்தை ஒலியை வைத்துச் சமாளிக்கலாம்.

வேலையில் இருப்பவர்கள் பணி ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சொந்த நேரத்தில் செய்ததும் நிறுவனத்துக்கே என்று ஒரு வரி இருக்கக்கூடும். அலுவலகக் கணினியில் செய்திருந்தால் வாதாட இடம் இன்னும் குறைவு.

அப்புறம், ரெண்டர்: கணினி ஒவ்வொரு ஃபிரேமையும் கணக்கிட்டு இறுதிப் படமாக்கும் வேலை. ஸ்டுடியோவில் அதைக் கவனிக்க ஆள் இருப்பார். வீட்டில் நாம் தூங்கிக்கொண்டிருப்போம். 480 ஃபிரேம், ஃபிரேமுக்கு 4 நிமிடம் என்றால் 32 மணி நேரம். ஒரே வீடியோ கோப்பாகப் போட்டு 471-ஆவது ஃபிரேமில் கணினி நின்றால் மொத்தமும் போச்சு. பிஎன்ஜி வரிசையாக, அதாவது ஃபிரேமுக்கு ஒரு படக்கோப்பாகப் போட்டிருந்தால் காலையில் மிச்சம் 10 ஃபிரேம்தான்.