பிளாஸ்டிக் சாக்ஸபோனை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள்

மறுபடியும் ஒரு கிராஃப்டன் ஆல்டோ, அதாவது பழைய பிளாஸ்டிக் சாக்ஸபோன், பழுதுக்கு வந்திருக்கிறது. தந்த நிற அக்ரிலிக் உடல், பித்தளைக் கீகள். வாங்கிய கையோடு ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். கீகளைத் தாங்கும் தூண்களின் அடியில் விளக்கைச் சாய்த்துப் பார்த்தால், மயிரிழை விரிசல்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓடுகின்றன. ஒட்டிக் கொடுக்கலாம், பழைய பலம் வராது.

ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டால், "பிளாஸ்டிக்கின் குரலே தனி" என்கிறார்கள். எத்தனை முறைதான் சொல்வது? சாக்ஸபோனில் ஒலிப்பது உள்ளே இருக்கும் காற்று, சுவர் அல்ல. கூம்பு வடிவக் குழாய் எப்படி விரிகிறது, துளைகள் எங்கே இருக்கின்றன, அவற்றின் விளிம்பு எப்படி, துளையை மூடும் மெத்தையான பேட் கசிகிறதா என்பவைதான் கணக்கு. இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உள்ளளவு கொண்ட வெள்ளி, செம்பு, மரப் புல்லாங்குழல்களைத் எது எதுவென்று தெரியாதபடி வாசித்தபோது கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. உங்கள் பித்தளை சாக்ஸபோனின் மவுத்பீஸும் பெரும்பாலும் எபோனைட் என்னும் கெட்டி ரப்பர்தானே! 1953-இல் டொரண்டோ மாஸி ஹாலில் ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் ஊதியதும் ஒரு கிராஃப்டன்தான். அந்தப் பதிவில் கேட்பது பார்க்கரின் குரல். அதே கருவி 1994-இல் லண்டன் ஏலத்தில் 93,500 பவுண்டுக்குப் போனதும் அவர் பெயருக்காகத்தான்.

அப்படியானால் பொருளுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, கருவியின் ஆயுளில். பித்தளை நசுங்கினால் நிமிர்த்துவேன். அக்ரிலிக் உடைந்தால் உடைந்ததுதான். ஹெக்டர் சொமருகா வடிவமைத்து, 1950-இல் லண்டனில் விற்பனைக்கு வந்த கருவி இது. 1960-களின் இறுதியிலேயே தயாரிப்பு நின்றுவிட்டது. புது உதிரிபாகம் கிடையாது. ஊசி ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சுருள் ஸ்பிரிங் வைத்திருப்பதால், பழக்கமில்லாதவர் கழற்றினால் திரும்ப மாட்டுவதற்குள் திணறிப்போவார்.

ஸ்பிரிட், தின்னர், அசிட்டோன், பித்தளை பாலிஷ் எதுவும் உடலில் படக்கூடாது. லேசாக ஈரம் செய்த மெல்லிய துணி போதும். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். கீகளின் மேலிருக்கும் காப்புத் தகட்டைப் பிடித்துத் தூக்காதீர்கள். பேட் மாற்றுபவர் அதன் பசையை இளக்க, கீயைக் கழற்றாமல் சுடரைக் கிட்டே கொண்டுவந்தால் கருவியைக் கையிலிருந்து வாங்கிவிடுங்கள். பித்தளையில் அது அன்றாட வேலை, இதில் உடலே உருகும்.

ஏற்கெனவே ஸ்பிரிட் பட்டிருந்தால், தயவுசெய்து எந்தத் திருகையும் இறுக்காதீர்கள். விரிசல் இருக்கும் இடத்தை அழுத்தாமல், பெட்டியில் மெத்தையிட்டு அப்படியே கொண்டு வாருங்கள்.