பச்சையாக நின்ற வயலில் நெல் எங்கே போனது?

வறட்சி என்றதும் வெடித்த நிலமும் கருகிய பயிரும்தான் நம் மனதில் வரும். மட்டக்களப்பின் படுவான்கரையில், வவுணதீவிலோ வெல்லாவெளியிலோ, மழை பிழைத்த பெரும்போகத்தில் பல வட்டைகள், அதாவது வயல்வெளிகள், பச்சையாகவே நிற்கும். வீதியால் போகிறவருக்கு வேளாண்மை நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். வரம்பில் இறங்கிக் கதிரைப் பிடித்துப் பாருங்கள். மணி பிடித்த கதிர் பாரம் தாங்காமல் வளைந்து தொங்கும். இந்தக் கதிரோ நெட்டுக்குத்தாக நிற்கும். ஒரு நெல்லை நகத்தால் நசுக்கினால் பால் வராது, உமி மட்டும் தட்டையாகும். அத்தனையும் சப்பி, மணி பிடிக்காத பதர்.

இது எப்படி நடக்கிறது?

மூன்றரை மாத நெல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விதைத்த முதல் மாதத்தில் பத்து நாள் மழை இல்லையென்றால் இலை சுருளும், மட்டம் (பக்கத் தூர்) வெடிப்பது குறையும். அப்புறம் மழை வந்தால் பயிர் பெரும்பாலும் தேறிவிடும். குடலைப் பருவத்தில் அதே பத்து நாள் காய்ந்தால் கதை வேறு. அப்போது கதிர் இன்னும் வெளியே வரவில்லை. இலையுறைக்குள் இருக்கும் ஒவ்வொரு பூவிலும் மகரந்தம் உருவாகிக்கொண்டிருக்கிறது.

வேர் காய்ந்த மண்ணை உணர்ந்ததும் பயிருக்குள் அப்சிசிக் அமிலம் என்ற ஹோர்மோன் கூடுகிறது. அது இலைத் துளைகளை மூடச் செய்கிறது. தண்ணீர் மிச்சமாகும், ஆனால் துளை மூடினால் காற்றிலுள்ள கரியமில வாயுவும் உள்ளே வராது, சர்க்கரை தயாரிப்பு குறையும். அதோடு, வந்து சேரும் சர்க்கரையை மகரந்தத்துக்கு ஏற்றபடி உடைத்துக் கொடுக்கும் நொதிகளும் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. நல்ல மகரந்தத் தூள் மாச்சத்தை நிறைத்து வைத்திருக்கும். அதுதான் அதற்குக் கட்டுச்சோறு. வறட்சியில் பிறந்த தூள் வெறும் கூடு. பள்ளிக்கூட நுணுக்குக்காட்டி ஒன்றே இதைப் பார்க்கப் போதும்: ஒரு துளி அயடீன் விட்டால் நல்ல தூள் கருநீலமாகும், மலட்டுத் தூள் வெளிறியே கிடக்கும்.

பிறகு மழை வந்தால் இலை உயிர்க்கும், மகரந்தம் உயிர்க்காது. வயல் பச்சையாக நிற்பதன் காரணம் இதுதான்.

பூக்கும் நேரத்திலும் ஆபத்து உண்டு. நெற்பூ பெரும்பாலும் காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் திறந்து ஒரு மணித்தியாலம் போல விரிந்திருக்கும். உதிர்ந்த மகரந்தத்துக்குச் சில நிமிடங்களே ஆயுள். தண்ணீர் இருந்தால் பயிர் ஆவியை விட்டுத் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் கதிர் சூடேறும். 35 பாகை செல்சியசுக்கு மேல் போனால் பூ கருக்கட்டாமலே மூடிவிடும்.

அதனால்தான் வருட மழை மொத்தத்தை மட்டும் பார்த்து வறட்சியை அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மட்டக்களப்பின் மழையில் பெரும்பங்கு நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டுகிறது. ஒரு தாழமுக்கம் இரண்டு நாளில் வெள்ளம் தந்துவிட்டுப் போனால் கணக்கு நிரம்பிவிடும், ஆனால் குடலை நாட்கள் காய்ந்திருக்கலாம். உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் கீழே உள்ளவர் அந்த இடைவெளியைச் சமாளிப்பார். மானாவாரிக்காரருக்கு வானம் மட்டும்தான்.

2016 கடைசியில் வடகீழ்ப் பருவமழை ஏமாற்றியபோது இந்த இழப்பு நாடளாவியது. ஐநாவின் உணவு விவசாய அமைப்பும் உலக உணவுத் திட்டமும் 2017 ஜூனில் வெளியிட்ட கூட்டு மதிப்பீட்டின்படி, அந்த வருட நெல் விளைச்சல் சுமார் 27 லட்சம் தொன். முந்தைய வருடத்தை விட ஏறக்குறைய 40 வீதம் குறைவு. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடுமையான உணவுப் பாதுகாப்பின்மையில் இருந்ததாகவும் அது சொன்னது.

விளைச்சலின் எண்ணும் ஆட்களின் எண்ணும் வெவ்வேறு கணக்குகள். முதலாவது நாட்டின் கணக்கு: நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அரிசி, விதைக்கும் சேதத்துக்கும் கழித்து, சனத்தொகைக்குத் தேவையானதோடு ஒப்பிட்டு, எவ்வளவு இறக்குமதி வேண்டும் என்று பார்ப்பார்கள். இரண்டாவது வீட்டின் கணக்கு. துறைமுகத்தில் அரிசிக் கப்பல் நிற்கும்போதே ஒரு வீட்டில் உலை வைக்காமல் இருக்க முடியும். முதலில் அடிபடுவது பெரும்பாலும் கூலிக்காரர். அறுக்க வயல் இல்லையென்றால் அவருக்குச் சம்பளமும் இல்லை, அதே நேரத்தில் கடையில் அரிசி விலை ஏறியிருக்கும்.

வீட்டுக் கணக்குக்கு உலக உணவுத் திட்டம் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று ஐந்து கேள்விகள் கொண்டது. கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் மலிவான, பிடிக்காத உணவைச் சாப்பிட்டீர்கள்? எத்தனை நாள் உணவைக் கடனாக வாங்கினீர்கள் அல்லது உறவினர், நண்பரின் உதவியில் சாப்பிட்டீர்கள்? அளவைக் குறைத்தீர்களா? வேளையைக் குறைத்தீர்களா? பிள்ளைகளுக்காகப் பெரியவர்கள் குறைத்துச் சாப்பிட்டீர்களா? கடைசிக் கேள்விக்குத்தான் ஆகக் கூடிய எடை: மூன்று. கடனுக்கு இரண்டு, மற்றவைக்கு ஒன்று. ஒரு தாய் தன் கோப்பையிலிருந்து எடுத்துப் பிள்ளைக்கு வைக்கும் சோறு இப்படித்தான் எண்ணாகிறது. அந்த மூன்று எனக்குச் சரியாகவே படுகிறது.

உதவி பணமாகவா அரிசியாகவா என்பது சந்தையைப் பொறுத்தது. கடையில் சரக்கு இருந்தால் பணம் போதும். சரக்கே இல்லாத இடத்தில் பணம் விலையை இன்னும் ஏற்றிவிடும், அங்கே மூடைதான் போக வேண்டும்.

அதோடு விதைநெல். பசி தாங்காமல் விதையைக் குற்றிச் சாப்பிட்ட வீட்டுக்கு அடுத்த ஒக்டோபர் மழை நன்றாகப் பெய்தாலும் பயனில்லை. ஏக்கருக்கு இரண்டு புசல், ஏறத்தாழ 42 கிலோ. அது செப்டம்பர் முடிவதற்குள் வீட்டுக்கு வந்து சேர வேண்டும்.