லிவரை மாத்தினா நுரையீரல் எப்படி சரியாகுது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தாரு. அவரோட சித்தப்பாவுக்கு லிவர் டிரான்ஸ்பிளான்ட் பண்ணி ரெண்டு மாசம் ஆகுதாம், பிலிருபின், எஸ்ஜிபிடின்னு லிவருக்கு எடுக்குற ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மல்னு ரிப்போர்ட் சொல்லுது, ஆனா ஒரு மாடி ஏறினா பாதியில நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் அடுத்த படி வைக்கிறாரு, கத்தி வெச்சது வயித்துல தானே, நுரையீரலுக்கு என்ன வந்துச்சு? காரணம் ஒண்ணு இல்ல, பல விஷயம் சேர்ந்து அடிக்குது. அதுல ஒண்ணைப் பத்தி எழுத ரொம்ப நாளா கை அரிச்சுக்கிட்டு இருந்துச்சு, அதுக்கு முன்னாடி சுலபமானதை முடிச்சிடலாம்.

நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசையான உதரவிதானம் ஸ்கூல்லயே படிச்சதுதான், அது கீழ இறங்கினா காத்து உள்ள வரும். ஒன்றரை கிலோ எடையுள்ள கல்லீரல் அதுக்கு நேர் கீழ, வலது பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. அதை எடுக்கணும்னா விலா எலும்புக்குக் கீழ குறுக்க வெட்டி நடுவுல மேல் நோக்கி இன்னொரு கீறல் போடுவாங்க, மெர்சிடிஸ் கீறல்னே அதுக்குப் பேரு. மேல் வயித்துல இப்படிப் பெரிய ஆபரேஷன் நடந்தா உதரவிதானம் தானாவே சோர்ந்து போயிடும், அது வெறும் வலியால இல்ல, வலியை மருந்தால நல்லா அடக்கினா கூட அது முழுசா வேலைக்குத் திரும்பாது, வயித்துக்குள்ள கை பட்டதும் அங்க இருந்து போற நரம்பு சிக்னல் அதை அடக்கி வெச்சிடுது. முதல் நாள் ஒருத்தர் முழு மூச்சா இழுக்குற அளவு கிட்டத்தட்ட பாதியாகிடும், நுரையீரலோட அடிப்பகுதி சுருங்கிக்கும், வலது பக்கம் நீர் கோக்கும். பெருஞ்சிரைக்கு கிளாம்ப் போடுற இடத்துக்குப் பக்கத்துலயே உதரவிதானத்தை இயக்குற நரம்பு போகுது, அது நசுங்கினா வலது பாதி கொஞ்ச காலத்துக்கு அசையாமலே கூட இருக்கும். இதெல்லாம் பெரும்பாலும் சில வாரத்துல, நரம்பு நசுங்கினதுன்னா சில மாசத்துல சரியாகிடும்.

ஆஸ்பத்திரியில கையில குடுக்குற மூணு பந்து கருவி இதுக்குத்தான். அதை ஊதக்கூடாதுங்க, உறிஞ்சணும்! பாதிப் பேர் பலூன் மாதிரி ஊதிட்டு பந்து எழும்பலையேன்னு பாக்குறாங்க. மெதுவா இழுத்து ரெண்டு மூணு செகண்ட் பிடிச்சு வெச்சாத்தான் சுருங்கின காத்துப்பைகள் திறக்கும். ஆனா ஒரு விஷயம், மேல் வயித்து ஆபரேஷன்ல இந்தக் கருவியால சளி, நிமோனியா குறையுதான்னு 2014ல காக்ரேன் குழு எல்லா ஆய்வையும் சேர்த்து அலசினப்போ உருப்படியா ஆதாரம் கிடைக்கல. அதுக்குப் பதிலா 2018ல வந்த ஒரு ஆஸ்திரேலியா–நியூசிலாந்து ஆய்வு இருக்கு, லிவர் மாத்துறவங்களைப் பத்தி இல்ல, பொதுவா மேல் வயித்து ஆபரேஷன் பண்ணிக்கிற 441 பேர். ஆபரேஷனுக்கு முன்னாடியே ஒரு பிசியோதெரபிஸ்ட் 30 நிமிஷம் உக்காந்து, முழிச்சதும் எப்படி மூச்சு இழுக்கணும், ஏன் இழுக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க, அவ்வளவுதான், நுரையீரல் சிக்கல் பாதியாகிடுச்சு. அரை மணி நேரப் பேச்சை எந்தக் கம்பெனியும் பேடன்ட் எடுக்க முடியாது, அதனால மெடிக்கல் ரெப் யாரும் இதைத் தூக்கிட்டு டாக்டர் ரூம் வாசல்ல நிக்கப் போறதில்ல. இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு அரசாங்கம் காசு போடலன்னா வேற யாரு போடுவா?

சரி, இப்போ நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன். லிவர் ரொம்பக் கெட்டுப்போன சிலருக்கு ஒரு விசித்திரமான மூச்சுத்திணறல் வரும், படுத்தா நல்லா இருப்பாங்க, எழுந்து உக்காந்தா வாங்கும். ஹார்ட் பேஷன்ட்டுக்கு இது அப்படியே தலைகீழ், அவங்க படுக்க முடியாம தலையணை மேல தலையணை வெச்சு சாய்ஞ்சிருப்பாங்க. இந்த லிவர்க்காரங்களுக்கு விரல்ல பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டி படுக்க வெச்சு ஒரு தடவை, நிக்க வெச்சு ஒரு தடவை பாத்தா, நிக்கும்போது நம்பர் இறங்கும். எக்ஸ்ரே எடுத்தா நுரையீரல்ல பெருசா ஒண்ணும் தெரியாது. இதுக்கு ஹெப்பட்டோபல்மனரி சிண்ட்ரோம்னு பேரு.

நடக்குறது இதுதான். நுரையீரல்ல காத்துப்பையை ஒட்டிப் போற ரத்தத் தந்துகி 8ல இருந்து 15 மைக்ரான்தான் அகலம் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), ஒரு சிவப்பணு 7, 8 மைக்ரான், அதனால அணுக்கள் கிட்டத்தட்ட ஒவ்வொண்ணா சுவரை உரசிக்கிட்டுத்தான் போக முடியும், உரசும்போது ஆக்சிஜன் ஏறிக்கும். லிவர் கெட்டுப்போனா இந்தத் தந்துகி விரிஞ்சிடுது, 100 மைக்ரான் வரைக்கும், சில இடத்துல அதையும் தாண்டி. பெரிய கோவில்ல கம்பித் தடுப்பு போட்டு ஆளை ஒவ்வொருத்தரா விட்டா எல்லார் கைக்கும் பிரசாதம் வந்துடும், தடுப்பை எடுத்துட்டு கூட்டத்தை மொத்தமா விட்டா ஓரமா போறவனுக்குக் கிடைக்கும், நடுவுல மாட்டினவன் வெறுங்கையோட வெளிய வந்துடுவான், அதேதான் இங்கயும். நடுவுல போற சிவப்பணு ஆக்சிஜன் ஏறாமலே இதயத்துக்குத் திரும்பிடுது. மாஸ்க் வெச்சு சுத்தமான ஆக்சிஜன் குடுத்தா நிறைய பேருக்கு நம்பர் ஏறும், ஏன்னா காத்துப்பக்கம் அழுத்தம் கூடினதும் ஆக்சிஜன் நடு வரைக்கும் போய்ச் சேர்ந்துடும். எழுந்தா மோசமாகுறதுக்கும் இதுலயே பதில் இருக்கு, விரிஞ்ச தந்துகிகள் அதிகம் இருக்கிறது நுரையீரலோட அடியில, எழுந்து நின்னா புவியீர்ப்பு ரத்தத்தை அங்கதான் தள்ளும்.

இதைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இன்னும் அழகு. ரெண்டு சிரிஞ்சை ஸ்டாப்காக்னு சொல்ற ஒரு மூணு வழிக் குழாய்த் திருகுல மாட்டி, ஒண்ணுல ஒன்பது மில்லி சலைனும் ஒரு மில்லிக்கும் குறைவா காத்தும் வெச்சு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படபடன்னு தள்ளுவாங்க, தண்ணி மோர் நிறத்துக்கு மாறும், உடனே கை நரம்புல ஏத்திடுவாங்க. இதயத்தைப் பாக்குற எக்கோ ஸ்கேன் ஸ்கிரீன்ல கறுப்பா இருந்த இதயத்தோட வலது பக்க அறைகள் ஒரே துடிப்புல வெள்ளையா நிரம்பும். நல்ல நுரையீரல்னா கதை அங்கயே முடிஞ்சது, குமிழ்கள் தந்துகியை விடப் பெருசு, மாட்டிக்கிட்டு கரைஞ்சு போயிடும், இடது பக்கம் கறுப்பாவே இருக்கும். தந்துகி விரிஞ்சிருந்தா மூணு துடிப்பு தாண்டினதும் இடது அறையில வெள்ளைப் புள்ளிகள் வர ஆரம்பிக்கும். மூணு துடிப்புக்குள்ளயே வந்துட்டா இதயத்துலயே ஓட்டை இருக்குன்னு சந்தேகப்படணும். துடிப்பை எண்ணியே ஓட்டை எந்த உறுப்புலன்னு சொல்லிடலாம், இதுக்கு ஆகுற செலவு ரெண்டு சிரிஞ்சும் கொஞ்சம் உப்புத் தண்ணியும்!

தந்துகி ஏன் விரியுது? முக்கியமான குற்றவாளி நைட்ரிக் ஆக்சைடு, ரத்தக்குழாயை இளக வைக்கிற வாயு, அந்தக் கண்டுபிடிப்புக்கு 1998ல மூணு பேருக்கு நோபல் குடுத்தாங்க. கெட்டுப்போன லிவர்ல இருந்து வர்ற எண்டோதீலின்ங்கிற ரசாயனம், குடல்ல இருந்து தப்பிச்சு வர்ற பாக்டீரியா சமாச்சாரம் எல்லாம் நுரையீரலைத் தூண்டி அந்த வாயுவை அளவுக்கு மேல சுரக்க வைக்குது. ஆனா கதை அதோட முடியல. பிறவி இதயக் கோளாறு உள்ள சில குழந்தைகளுக்கு கிளென்னு ஒரு ஆபரேஷன் பண்ணுவாங்க, அதுக்கப்புறம் லிவர்ல இருந்து வர்ற ரத்தம் நேரா நுரையீரலுக்குப் போகாது. அந்தக் குழந்தைகளுக்கு லிவர்ல ஒரு குறையும் இல்ல, இருந்தும் சிலருக்கு நுரையீரல்ல இதே மாதிரி கோளாறான குழாய்கள் முளைக்குது, அடுத்த ஆபரேஷன்ல லிவர் ரத்தத்தை நுரையீரலுக்குத் திருப்பி விட்டா பல பேருக்கு அது மறையுது. அப்போ நல்ல லிவர் ஏதோ ஒண்ணைத் தினமும் நுரையீரலுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு, அது வந்தாத்தான் தந்துகி ஒழுங்கா இருக்கும். லிவர் தயாரிக்கிற பிஎம்பி9ங்கிற புரதம் மேல இப்போ பலமான சந்தேகம் இருக்கு.

அதனாலதான் இந்த நோய்க்கு லிவரை மாத்துறதே வைத்தியம். நுரையீரல்ல யாரும் கையே வைக்கிறதில்ல, புது லிவர் வேலை செய்ய ஆரம்பிச்சதும் விரிஞ்ச தந்துகி மெல்ல மெல்ல சுருங்குது. ஆனா நாளையே நடக்காது, முதல் சில நாள் ஆக்சிஜன் இன்னும் மோசமாகக் கூடச் செய்யும், பெரும்பாலானவங்களுக்கு ஆறு மாசம், ஒரு வருஷம்னு ஆகும். ரெண்டு மாசத்துலயே ஆபரேஷன் வேஸ்ட்டுனு முடிவு கட்டிடாதீங்க, படுத்தா எவ்வளவு, நின்னா எவ்வளவுன்னு ஆக்ஸிமீட்டர்ல பாத்து எழுதி வெச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க.

நுரையீரல் சுத்தமா சரியான பிறகும் மாடியில மூச்சு வாங்கினா, கோளாறு கால்ல இருக்கலாம். நல்ல லிவர் ராத்திரிக்குத் தேவையான சர்க்கரையை சேமிச்சு வெச்சிருக்கும், சுருங்கின லிவர்ல அந்த சேமிப்பு கிடையாது, அதனால ஒரு ராத்திரி சாப்பிடாம தூங்கினாலே நல்ல ஆள் ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்த நிலைக்கு உடம்பு போயிடுது, தசையை உருக்கி சர்க்கரை பண்ணுது. வருஷக்கணக்கா இப்படி உருகின தொடையை வெச்சு படி ஏறினா லாக்டிக் ஆசிட் சீக்கிரமே சேரும், அதை சமாளிக்க கார்பன் டை ஆக்சைடை வெளிய தள்ளணும், மூச்சு வேகமாகும். புது லிவருக்காக லிஸ்ட்ல காத்திருக்கிறவங்களை தூங்கப் போறதுக்கு முன்னாடி ஏதாவது சாப்பிடச் சொல்றதும், கிலோவுக்கு 1.2ல இருந்து 1.5 கிராம் புரதம்னு கணக்கு சொல்றதும் இதனாலதான். நம்ம வீடுகள்ல நேர்மாறா முட்டை ஆகாது, பருப்பு ஆகாது, கஞ்சி மட்டும் போதும், பச்சை உடம்பு அசையக்கூடாதுன்னு கட்டில்ல படுக்க வெச்சிடுறாங்க. இன்னும் சிலர் நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுற லேகியம் வாங்கிட்டு வர்றாங்க, அந்த சக்தி புது லிவரை அடிச்சிடக்கூடாதுன்னு தினமும் மாத்திரை போட்டு அடக்கி வெச்சிருக்கிற ஆளுக்கு!

கிறிஸ் கிளக்னு ஒரு அமெரிக்க ஸ்னோபோர்டு வீரர், 2000 ஜூலையில டென்வர்ல லிவர் மாத்தினாங்க, 1963ல தாமஸ் ஸ்டார்சல் உலகத்துலயே முதல் தடவையா மனுஷனுக்கு லிவர் மாத்திப் பாத்த அதே ஊர். 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்ல வெண்கலம் வாங்கிட்டாரு. சித்தப்பாவை இவரோட ஒப்பிடக்கூடாதுதான், கிளக் 1998 நாகானோ ஒலிம்பிக்லயே ஆடினவரு, ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போகும்போதே தொடையில தசை இருந்துச்சு. அதனாலதான் லிஸ்ட்ல பேரு ஏறின நாள்லயே நடைப் பயிற்சியை ஆரம்பிக்கச் சொல்றாங்க. மாத்தி முடிச்சவங்க சின்னச் சின்னதா நாலு தடவை நடக்கலாம், நாற்காலியில இருந்து கை ஊனாம எழுந்து உக்காரலாம், கனமான குடம், சிலிண்டர் எல்லாம் மட்டும் தையல் உள்ள வரைக்கும் ஆறுறதுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும்ங்கிறதால டாக்டர் சொல்ற வரைக்கும் தூக்கக்கூடாது, இல்லன்னா குடலிறக்கம் வந்து திரும்ப அதே தியேட்டர்தான். திடீர்னு மூச்சு வாங்கினாலோ, கூடவே காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீக்கம்னாலோ நடையும் வேணாம் ஆக்ஸிமீட்டரும் வேணாம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.