அசல் ஒலித்தடமா, பின்னணி இசையா?

பாட்டுச் செயலிகளைத் தமிழில் வைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தச் சொற்றொடர் பழகிப்போயிருக்கும்: 'அசல் ஒலித்தடம்'. முதலில் படத்தின் பெயர், அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் இது. 'ஒரிஜினல் சவுண்ட்ட்ராக்' என்ற ஆங்கிலத்தின் தமிழாக்கம். இப்போது கட்டுரைகளிலும் தொற்றிக்கொண்டுவிட்டது. 'திரைப்படங்களின் ஒலித்தடம் தனி இசையாக நிற்குமா?' என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. ஒலித்தடம் என்பது இசையின் பெயரே அல்ல.

சவுண்ட்ட்ராக் என்றால் முதலில் என்ன பொருள்? 35 மி.மீ. பிலிம் சுருளைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு ஓரத்திலும் பல்சக்கரம் மாட்டும் துளைகள் வரிசையாக இருக்கும். ஒரு பக்கத்துத் துளைகளுக்கும் படச் சட்டத்துக்கும் நடுவே ஒல்லியாக ஒரு பட்டை ஓடும். அதில் வெள்ளையும் கறுப்புமாக ரம்பப்பல் போல வளைவுகள். புரொஜக்டரில் ஒரு சின்ன விளக்கின் வெளிச்சம் மெல்லிய கீற்றாக அந்தப் பட்டையின் மேல் விழும். வளைவு அகன்றால் வெளிச்சம் கூடும், குறுகினால் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை ஒளிமின்கலம் மின்சாரமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். வசனம், காலடி, கதவு சாத்தும் ஓசை, வயலின் எல்லாம் அந்த ஒரே பட்டையில்தான். ஒரு காட்சிக்குரிய ஒலி, அந்தக் காட்சியின் சட்டத்துக்குப் பக்கத்தில்கூட இருக்காது. சுமார் 20 சட்டம் தள்ளி, ஏறக்குறைய ஒரு நொடி முன்னால் இருக்கும். புரொஜக்டரில் படத்தைக் காட்டும் இடமும் ஒலியைப் படிக்கும் இடமும் வேறு வேறு என்பதால். இந்தப் பட்டைக்குத்தான் ஒலித்தடம் என்று பெயர். அருமையான சொல். தொழில்நுட்பச் சொல்லாக்கத்தில் இவ்வளவு பொருத்தமாக அமைவது அபூர்வம். அதை இருக்கிற இடத்தில் இருக்க விடவேண்டும் என்பதுதான் என் வழக்கே.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் பட்டையிலிருந்து இசைத்தட்டுக்குத் தாவியதற்கு ஒரு காரணம் இருந்தது. அங்கே பட இசையைத் தட்டில் வெளியிடும்போது, பெரும்பாலும் வேறு ஆட்களை வைத்துத் தனியாக மறுபடி பாடவைத்துப் பதிவதுதான் வழக்கமாக இருந்தது. 1938இல் டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் பாடல்கள் படத்தில் ஒலித்த பதிவிலிருந்தே எடுக்கப்பட்டுத் தட்டாக வந்தன. 'ஒரிஜினல்' என்ற அடைமொழிக்கு அப்போது வேலை இருந்தது: இது படத்தில் நீங்கள் கேட்ட அதே பதிவு, பிறகு யாரோ பாடியது இல்லை. அப்புறம் தட்டுக்கே சவுண்ட்ட்ராக் என்று பெயர் ஆனது. அது ஆங்கிலத்துக்குள் நடந்த பொருள் மாற்றம். அந்த மொழிக்காரர்களுக்கு அது இயல்பு. நாம் ஏன் அவர்களுடைய கிளைப்பொருளை நம்முடைய வேர்ச்சொல்லில் ஒட்டவேண்டும்?

'அசல்' இன்னும் மோசம். அது அரபியிலிருந்து வந்து தமிழில் ஊறிய சொல். அதனால் எனக்கு அதன் மேல் பகை ஒன்றும் இல்லை. தமிழில் அசல் என்றதும் இரண்டு ஜோடிகள் நினைவுக்கு வரும்: அசலும் நகலும், அசலும் வட்டியும். 'அசல் ஒலித்தடம்' என்று படிக்கிற தமிழருக்கு, எங்கோ போலி ஒலித்தடம் ஒன்று விற்கிறது போலிருக்கிறது என்றுதான் தோன்றும். ஆங்கில விருதுப் பட்டியல்களில் வரும் 'ஒரிஜினல் ஸ்கோர்' என்பதற்கோ பொருளே வேறு. அந்தப் படத்துக்கென்றே புதிதாக அமைத்தது என்று அர்த்தம். தி காட்ஃபாதர் (1972) படத்துக்கு நீனோ ரோட்டா அமைத்த இசை ஆஸ்கர் பரிந்துரை பெற்று, பிறகு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதன் முக்கிய மெட்டை அவரே 1958இல் ஃபோர்ச்சுனெல்லா என்ற இத்தாலியப் படத்தில் பயன்படுத்தியிருந்தார் என்பதுதான் காரணம். இசை அவருடையதுதான், அதில் போலி எதுவும் இல்லை. ஆனாலும் 'ஒரிஜினல்' இல்லை என்றார்கள். இந்த நுணுக்கத்தை 'அசல்' தாங்குமா? அசல் என்று மொழிபெயர்த்துவிட்டு இந்தச் செய்தியைத் தமிழில் எழுதிப் பாருங்கள், ரோட்டா யாரிடமோ திருடினார் என்று ஆகிவிடும்.

தடத்துக்கு வருவோம். கோடம்பாக்கத்தில் 'ட்ராக்' என்ற சொல்லுக்கு ஏற்கெனவே கை நிறைய வேலை இருக்கிறது. பல இழைகளாகப் பதியும்போது ஒவ்வோர் இழையும் ஒரு ட்ராக். பெரிய பாடகர் வந்து பாடுவதற்கு முன்னால், மெட்டு எப்படிப் போகிறது என்று காட்ட இன்னொருவர் பாடி வைப்பதும் ட்ராக். 'ட்ராக் பாடினேன்' என்று எத்தனையோ பாடகர்கள் பேட்டியில் சொல்வார்கள். படத்தில் கதைக்குள் ஓடும் துணைக்கதையும் ட்ராக், 'காமெடி ட்ராக்' என்று. இவ்வளவுக்கும் நடுவே தட்டு முழுவதற்கும் 'தடம்' என்று பெயர் வைத்து, தட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு பாட்டையும் 'தடம் 1, தடம் 2' என்று எண்ணிட்டால் வாசிப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? 'இந்த ஒலித்தடத்தில் 14 தடங்கள் உள்ளன' என்று எழுதுவது தமிழே இல்லை.

இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது வேறு. படத்தின் ஒலி முழுவதையும் படம் இல்லாமல் கேட்பதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருந்தது: ஒலிச்சித்திரம். வானொலியில் ஒரு படத்தின் வசனத்தையும் பாட்டையும் இடையிசையையும் சுருக்கி ஒலிபரப்பினால் அதற்கு அந்தப் பெயர். கதை வசனக் கேசட்டுகள் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்கக் கேட்டன. படத்தைப் பார்க்காமலேயே வசனத்தை மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் ஏராளம். வசனத்துக்கு அடியில் ஓடிய வயலினும் சேர்ந்துதான் அவர்கள் காதில் பதிந்தது. சவுண்ட்ட்ராக் என்ற ஆங்கிலச் சொல்லின் முழுப்பொருளுக்கு, அதாவது பேச்சும் ஓசையும் இசையும் கலந்த மொத்தத்துக்கு, இதைவிட நெருக்கமான தமிழ்ச் சொல் எது? மக்கள் வாயில் புழங்கிய சொல்லை விட்டுவிட்டு அகராதியில் 'சவுண்டு' ஒரு பக்கம், 'ட்ராக்' ஒரு பக்கம் என்று தேடி ஒட்டவைப்பதை மொழிபெயர்ப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி 'பின்னணி இசை'. ஒலித்தடக்காரர்கள் சொல்லும் பெரிய வாதம் இதைப் பற்றியது. பின்னணி என்றாலே பின்னால் ஒதுங்கி நிற்பது என்று ஆகிவிடுகிறதாம், இசையைத் தாழ்த்துகிறதாம், தனி இசை என்று பேசும் இடத்தில் அந்தச் சொல் உதவாதாம்.

பின்னணி = பின் + அணி. அணி என்பது படை வரிசை. முன்னணியும் பின்னணியும் போர்க்களத்துச் சொற்கள். சங்ககாலத்தில் தார், கூழை என்றார்கள். புறநானூற்றில் ஔவையார் அதியமானுக்காகப் பாடும் பாட்டிலேயே 'கூழை தார்' என்று இரண்டும் சேர்ந்து வருகின்றன. படையின் பின்வரிசை படையைச் சேர்ந்தது இல்லை என்று யாரும் சொன்னதில்லை. சரி, போர்க்களத்தை விடுங்கள், அரங்குக்கு வாருங்கள். தெருக்கூத்தில் பின்பாட்டு உண்டு. ஆடுகிறவருக்குப் பின்னால் இருந்து வரியை வாங்கித் திருப்பிப் பாடுகிறவர் பின்பாட்டுக்காரர். அவர் குரல் விழுந்தால் கூத்து விழும். கச்சேரியில் பக்கவாத்தியம் உண்டு. மிருதங்கக்காரர் இரண்டு மணி நேரம் பாட்டுக்குப் பக்கமாக வாசிப்பார். அப்புறம் பாடகர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், தனி ஆவர்த்தனம் தொடங்கும். துணையாக வாசிப்பதும் தனியாக நிற்பதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நம் இசை மரபு நினைத்ததே இல்லை. துணை வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் தனி கொடுப்பார்கள். ஆகவே 'பின்னணி' என்ற சொல் இசையைத் தாழ்த்துகிறது என்ற கவலை, 'பேக்கிரவுண்டு' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வேண்டுமானால் பொருந்தலாம். தமிழ்ப் பின்னணிக்குப் பொருந்தாது. பின்னணிப் பாடகி என்று சொல்லும்போது யாராவது தாழ்வாக நினைக்கிறார்களா? அவர் பெயரைச் சொல்லித்தானே பாட்டையே அறிமுகம் செய்கிறோம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 'பின்னணி இசை' என்றால் அதில் 'இசை' இருக்கிறது. 'ஒலித்தடம்' என்றால் அதில் இசையே கிடையாது, வெறும் ஒலி. இசையின் மதிப்பை உயர்த்தப் புறப்பட்டவர்கள் இசை என்ற சொல்லையே தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

இந்த வேறுபாடு வெறும் சொல்சண்டை இல்லை என்பதற்கு ஒரு படத்தைச் சொல்கிறேன். சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் 1938இல் எடுத்த அலெக்சாந்தர் நெவ்ஸ்கி படத்துக்கு இசை புரோகோஃபியெவ். அந்தப் படத்தின் ஒலிப்பதிவு தரம் குறைந்தது என்பது உலகமறிந்த செய்தி. பெரிய வாத்தியக் குழுவும் கோரஸும் நசுங்கிய குரலில் கேட்கும். அதாவது அந்தப் படத்தின் ஒலித்தடம் மோசம். இசையோ மறு ஆண்டே, 1939இல், கான்டாட்டாவாக, அதாவது வாத்தியக் குழுவும் பாடகர்களும் சேர்ந்து வழங்கும் மேடை இசையாக மாறி, அரங்கேறியது. இன்றுவரை வாசிக்கிறார்கள். பிற்காலத்தில் படத்துக்கே அந்த இசையை மறுபடி வாசித்துப் பதிந்து சேர்த்தார்கள். ஒலித்தடம் தோற்றது, இசை நின்றது. இந்த வாக்கியத்தை இரண்டு சொற்களும் தனித்தனியாக இருக்கிற மொழியில்தான் எழுத முடியும்.

புரோகோஃபியெவ் அப்படியே எடுத்து மேடையில் வைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். திருத்தி, ஏழு பகுதிகளாகக் கட்டினார். ஆங்கிலேய இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 1948இல் தென்துருவப் பயணி ஸ்காட் பற்றிய படத்துக்கு எழுதியதை எடுத்துத் தன் ஏழாவது சிம்பொனியாக வளர்த்தார். காற்றோசை எழுப்பும் கருவிகூட அதில் அப்படியே இருக்கிறது. 1953இல் மான்செஸ்டரில் அரங்கேற்றம். பின்னணி இசை தனியாக நிற்கும், ஆனால் பல நேரம் அதற்குக் கொஞ்சம் இடம் கொடுத்து விரித்து எழுதவேண்டியிருக்கிறது. காரணம் எளிது. காட்சிக்கு எழுதும்போது 20 நொடியில் கதவு திறந்துவிடும், இசை அங்கே நின்றாகவேண்டும். ஒரு கருத்தை எடுத்து வளர்த்துச் சுற்றி வந்து முடிக்க நேரம் கிடைக்காது. அப்படி நறுக்கிய துணுக்குகளை வரிசையாக அடுக்கி வெளியிட்டால் அலுப்புத் தட்டுவது உண்மை. இசையமைப்பாளர் அங்கே தோற்றுவிட்டார் என்று சொல்வது அநியாயம். துணுக்குகளை அப்படியே கொட்டி விற்றவர்கள்தான் பொறுப்பு. விரிக்காமலே நிற்பவையும் உண்டு. சைக்கோ (1960) படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்து எழுதினார். ஊதுகருவி இல்லை, தாளக்கருவி இல்லை. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றிருந்தார் இயக்குநர் ஹிட்ச்காக், ஹெர்மன் எழுதிக் காட்டியதும் மனம் மாறினார். அந்த வயலின் கீறலைப் படம் பார்க்காதவர்களும் அடையாளம் காண்பார்கள்.

நம் பக்கத்து எடுத்துக்காட்டு இதைத் திருப்பிப் போடுகிறது, அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தது. இளையராஜா 1986இல் 'ஹௌ டு நேம் இட்' என்று ஒரு தட்டு வெளியிட்டார். படத்துக்காகச் செய்ததில்லை, பாட்டும் இல்லை, வாத்திய இசை. 1988இல் பாலுமகேந்திராவின் 'வீடு' படம் வந்தபோது, அந்தத் தட்டின் இசையே படத்துக்குப் பின்னணி இசையானது. இப்போது ஒலித்தடக்காரர்களைக் கேட்கிறேன்: 'அசல் ஒலித்தடம்' என்ற உங்கள் பெட்டிக்குள் வீடு படத்தின் இசையை எங்கே வைப்பீர்கள்? படத்துக்கென்று புதிதாக அமைத்தது இல்லை, ஆகவே ஆங்கில விருதுக்காரர்கள் பொருளில் ஒரிஜினல் இல்லை. தமிழில் சொன்னால் சிக்கலே கிடையாது. தனி இசையாக வந்தது, பின்னணி இசையாகப் பயன்பட்டது, இரண்டு வேலையையும் செய்தது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு குறை சொல்லாமல் விட முடியவில்லை. 'பேக்கிரவுண்டு ஸ்கோர்' என்பதைப் 'பின்னணி மதிப்பெண்' என்று ஆக்கியதையும் படித்தாயிற்று. ஸ்கோர் என்ற சொல்லின் வேர்ப்பொருள், கோலில் வெட்டிக் கணக்கு வைக்கும் கீறல். அதிலிருந்து எண்ணிக்கை என்ற பொருள் ஒரு பக்கம் போயிற்று, கோடு கிழித்து எழுதிய இசைத்தாள் என்ற பொருள் மறுபக்கம் போயிற்று. இது தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை. எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் தப்பு தெரிந்திருக்கும். கணினி தந்ததை ஒட்டிவிட்டு, கீழே தமிழாக்கம் என்று போடுகிறார்கள். அதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் அதுதான் தமிழ் என்று நினைப்பார்கள். தொழிலில் இருப்பவர்கள் இவர்களைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். 'படம் ஆர்.ஆர்.ல இருக்கு' என்றால் எல்லாருக்கும் புரியும். ரீ-ரெக்கார்டிங் என்பது ஆங்கிலத்தில் வசனம், ஓசை, இசை எல்லாவற்றையும் கலக்கும் வேலை. சென்னையில் அது பின்னணி இசை சேர்க்கும் வேலைக்குப் பெயராகிவிட்டது. ஆங்கிலச் சொல்தான், ஆனாலும் புழக்கத்தில் பொருள் உறுதியாக நிற்கிறது. ரசிகர்கள் 'பேக்கிரவுண்டு மியூசிக்' என்பதைச் சுருக்கிச் சொல்லும் 'பிஜிஎம்' அப்படித்தான். மௌன ராகம் படத்து பிஜிஎம்மை அழைப்பொலியாக வைத்திருப்பவரிடம் அது தனி இசையா என்று கேட்கவேண்டியதே இல்லை.

நான் எழுதும்போது பின்பற்றுவது இதுதான். பிலிமின் ஓரத்துப் பட்டைக்கு ஒலித்தடம். பேச்சும் ஓசையும் இசையும் சேர்ந்ததற்கு ஒலிச்சித்திரம். காட்சிகளுக்கு அமைத்த இசைக்குப் பின்னணி இசை. வெளியிடும் தட்டுக்கு இசைத்தொகுப்பு; அதில் பாட்டு மட்டும் இருந்தால் பாடல் தொகுப்பு, காட்சியிசை மட்டும் இருந்தால் பின்னணி இசைத்தொகுப்பு. 'ஒரிஜினல்' என்று சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் 'படத்துக்கென அமைத்தது' என்று விரித்து எழுதலாம், இரண்டு சொல் கூடினால் தாளுக்குப் பஞ்சம் வந்துவிடாது. 'படவிசை' என்று ஒருவர் பரிந்துரைத்தார். புணர்ச்சி சரிதான், ஆனால் கண்ணுக்கு 'விசை' என்றுதான் முதலில் படுகிறது, அதனால் வேண்டாம். தொகுப்புக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் தடம் என்று எண்ணாமல், கச்சேரிக்காரர்கள் சொல்வது போல உருப்படி என்று எண்ணலாம்.